இரைக்கயிறு

புறாவுக்குத் தான் செத்துப்போனது தெரிந்தே இருக்காது. ஓடுபாதையின் கோடியில் சாவகாசமாகப் பறந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், காற்றில் ஒரு கைப்பிடி இறகு, அவ்வளவுதான். கழுகக்கா புல்லில் நடந்துபோய்ச் சேர்வதற்குள் அவளுடைய பறவை மகாராணி அதன் மார்பைப் பிளந்து பாதி தின்றிருந்தாள்.

விமான நிலையத்தில் எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "கழுகு இல்லய்யா, வல்லூறு! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நீங்கல்லாம் என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று ஆரம்பத்தில் மல்லுக்கு நின்றாள். பிறகு ஓய்ந்துவிட்டாள். விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு புறா போனாலும் ஆபத்து என்பதால் அவளுக்கு அங்கே வேலை. வல்லூறு வானத்தில் சுற்றினால் புறாவும் காக்கையும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது.

மேலே போன வல்லூற்றைத் திரும்ப இறக்குவதற்கு அவளிடம் ஒரு சாமான் இருந்தது. தோல்பைக்குள் மணலைத் திணித்து, இரண்டு பக்கமும் புறாச்சிறகு கட்டி, நடுவில் ஒரு துண்டு இறைச்சியை வைத்து, நீளக் கயிற்றின் முனையில் முடிந்தது. பயிற்சி வகுப்பில் அதற்கு லூர் என்று பெயர். இவள் இரைக்கயிறு என்பாள். தலைக்கு மேல் அதைச் சுழற்றினால், மகாராணி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பாய்ந்துவந்து அடிப்பாள். வேடிக்கை பார்க்கிறவர்கள், "உங்க மேல அதுக்கு என்ன பாசம்!" என்று உருகிப்போவார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது. எல்லாம் பசி. தினமும் காலையில் தராசில் நிறுத்துப் பார்த்து, எவ்வளவு பசித்தால் திரும்பி வருமோ அவ்வளவு பசியில் வைத்திருப்பதுதான் அவளுடைய தொழில்.

அவளுடைய தங்கை, சின்னவள், அதே விமான நிலையத்துக்குள் வாசனைத் திரவியக் கடையில் நின்றாள். அம்மா அப்பா போனபிறகு அக்காதான் அவளுக்கு எல்லாம். கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி முகமெல்லாம் பல்லாக இப்படிச் சொன்னாள்:

"அவர்கிட்ட என்னமோ ஒரு அல்யூர் இருக்குக்கா."

"அப்படின்னா?"

"ஈர்ப்பு. கவர்ச்சி. எங்க கடையில பாதி டப்பா மேல இதான் எழுதியிருக்கும்."

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எங்க லூர்லேருந்துதான்."

சின்னவள் நம்பவில்லை. அக்கா விடவில்லை. பயிற்சி வகுப்பில் அவளுக்கு மறக்காமல் நின்ற பாடம் அது. பழைய பிரெஞ்சுக்காரர்கள் வல்லூறு வைத்து வேட்டையாடியவர்கள். இரையைக் காட்டிப் பறவையைக் கைக்கு வரவழைப்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் கடல் தாண்டி ஆங்கிலத்துக்குள் போனது. போன இடத்தில் மனிதரை மனிதர் மயக்குவதற்கும் அதுவே ஆகி, பறவை மறந்துபோய், மினுக்கு மட்டும் தங்கிவிட்டது.

"கயித்துல ஒரு முனையைப் பார்த்துட்டே. இன்னொரு முனையைப் பிடிச்சுட்டு ஒரு ஆள் நிப்பான். அவனையும் ஒரு தடவை பார்த்துக்கோ."

"போக்கா. உனக்கு எதைத் தொட்டாலும் பறவைதான்."

நம்முடைய கவர்ச்சி மட்டும் என்ன, லேசுப்பட்டதா? கோழிக்குஞ்சைப் பருந்து கவர்ந்துகொண்டு போவதும் அதே வேரில் முளைத்ததுதான். ஆனால் கல்யாணக் களையில் இருக்கிற பெண்ணிடம் போய் வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்தால் யார் காதில் ஏறும்?

மாப்பிள்ளைக்குக் கார் விற்கும் வேலை. பழைய வண்டியைத் தேர் என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவான். வாங்கினவனும் தேரில் போகிற நினைப்பிலேயே போவான். பேச்சில் தேன் ஒழுகும். யாருக்கு முட்டி வலி, யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்பான். கல்யாணத்துக்குப் பிறகு, அடி மட்டும் வீட்டுக்குள்ளே. முதல்தடவை சின்னவள் உதடு கிழிந்து, விமான நிலையக் குடியிருப்பில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தாள். அவன் கேட்டுக்கு வெளியே நின்று ஊரே பார்க்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போய்விட்டாள். இரண்டாம்தடவை விரலை ஒடித்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், வாசலில் நின்ற அவன் காரில் ஏறி அவனோடேயே போய்விட்டாள். அன்றைக்குப் பெரியவள் தின்னவில்லை, தூங்கவில்லை. இனி ஒருதடவை வந்தால் விடக்கூடாது என்று அப்போதே மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாம்தடவை வந்தபோது அவளால் சரியாக நிற்கவே முடியவில்லை. இடது கண் இருந்த இடத்தில் ஒரு வீக்கம்தான் இருந்தது. காதுமடல் பாதி கிழிந்து தொங்கியது. கழுத்தைச் சுற்றி அவன் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. எண்ணலாம் போல இருந்தது. தலைமுடியில் ஒரு கொத்து வேரோடு போயிருந்தது.

"இந்தத் தடவை கழுத்தை நெரிச்சான்க்கா. கண்ணு இருட்டிடுச்சு. செத்துட்டேன்னே நெனைச்சேன்" என்றாள்.

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கை தானாக ஓடியது. சிறகொடிந்த பறவைகளுக்குக் கட்டுப் போட்டுப் பழகின கை. வெந்நீர் வைத்து, காயம் கழுவி, காதைச் சேர்த்து ஒட்டுப் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. டாக்டர் பார்த்து எழுதிக் குடுக்கணும். நேரா போலீசுக்குப் போறேன். முடிச்சுட்டேன் அவனை."

ஆஸ்பத்திரி என்ற சொல்தான் பெரியவள் காதில் விழுந்தது. மற்றது விழவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.

மறுநாள் கேட்டில் அவன் நின்றான். பெரியவள் கேட் காவலாளியிடம், "என் பிணத்தைத் தாண்டித்தான் அவன் உள்ள வரணும், சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டு வந்து வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள். புதிதாகப் பிடித்த வல்லூறு கையில் உட்காராது. எதைப் பார்த்தாலும் படபடவென்று அடித்துக்கொண்டு, பார்த்த திக்கில் பாயும். அதற்கு மருந்து இருட்டு. ஆள் நடமாட்டம் கூடாது, சத்தம் கூடாது. ஒரே கைதான் ஊட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய காட்டை மறந்துவிடும். இந்த ஒரு வைத்தியம்தான் பெரியவளுக்குத் தெரியும். மகாராணி உட்பட எத்தனையோ பறவைகளுக்குப் பலித்த வைத்தியம்.

தங்கையின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். பின்பக்கத்து ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தாள். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டாள். திரும்பி வந்ததும் முட்டையும் ரொட்டியும் செய்து, தன் கையாலேயே ஊட்டினாள்.

"எனக்குக் கை இருக்குக்கா."

"சாப்பிடு."

"என்னை வெளிய விடு. காயம் ஆறிட்டே வருது. ஆறிடுச்சுன்னா டாக்டர் என்னத்தை எழுதுவாரு? கண்ணாடியில பார்த்தேன், கழுத்துல எல்லாம் மஞ்சளா மாறுது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணுமே இருக்காது. அவன் தொடவே இல்லன்னு சொல்லுவான்."

"போன தடவையும் ஆஸ்பத்திரின்னுதான் சொன்னே."

"போன தடவை நான் முட்டாள். இந்தத் தடவை இல்ல."

"அவனைப் பார்த்தேன்னா மறுபடியும் போயிடுவே. உனக்கே தெரியாம கால் போகும். எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உன் மகாராணியா?" சின்னவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அந்த மகாராணிகிட்டயாவது உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டிருக்கியா நீ?"

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் பூட்டினாள். ஒன்று சொல்ல வேண்டும். தங்கை மேல் அவளுக்கு இருந்தது பொய்ப் பாசம் இல்லை. உயிரையே வைத்திருந்தாள். அந்த உயிரை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள், அதுதான் கோளாறு.

கேட்டுக்கு அவன் தினமும் வந்தான். முதலில் காவலாளி முறைத்தார். பிறகு நாற்காலி போட்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தார்கள். காவலாளிக்கு முதுகுவலி, அதற்கு எண்ணெய் வந்தது. காவலாளியின் மகளுக்கு வேலை, அதற்கு வாக்குறுதி வந்தது. இப்படி ஒரு தங்கமான மனுஷனை அழவிடுகிறார்களே என்று காவலாளி வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் வருத்தப்படுகிற அளவுக்கு விஷயம் முற்றிப்போயிற்று.

அன்று சாயங்காலம் வானம் நிறையப் புறா. பெரியவள் மகாராணியை மேலே அனுப்பிவிட்டு, வண்டியில் சாய்ந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கி டாக்கி கரகரத்தது.

"கழுகக்கா, உங்க மாப்பிள்ளை வந்திருக்காரு. ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்னு காலைப் பிடிச்சு அழுதாரும்மா. மனசு கேக்கல. உள்ள விட்டுட்டேன்."

"எப்போ?"

"இப்போ கொஞ்ச நேரம் முன்னாடி."

பறவையை மேலே விட்டுவிட்டு வல்லூறுக்காரி இடத்தை விட்டு அசையக்கூடாது. அது தொழிலின் சட்டம். பெரியவள் சட்டத்தை மிதித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். பாதையைக்கூடப் பார்க்கவில்லை. புல்லின் குறுக்கே அடித்துவிட்டாள். வண்டி போன பக்கமே மகாராணியும் மேலே தொடர்ந்து வந்தாள். வயிறு காலி, இறைச்சி வண்டியில். வராமல் என்ன செய்வாள்?

வழியெல்லாம் பெரியவளுக்கு ஒரே நினைப்புதான். ஓடு, ஓடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. எப்படி ஓடுவாள்? பூட்டு. பின்னால் ஜன்னலுக்கு ஆணி. ஓட வழி இல்லாமல் அடைத்துவைத்தது யார்? வண்டிக்குள்ளேயே ஓவென்று கத்தினாள்.

பூட்டு நெம்பி எடுக்கப்பட்டிருந்தது. கதவு ஒரு கீலில் தொங்கியது. உள்ளே நாற்காலி சிதறிக் கிடந்தது. சுவரில் ரத்தம் ஐந்து விரலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. பின்ஜன்னலுக்குக் கீழே நகம் பிறாண்டின தடம். பலகையில் சின்னவளின் நகத்துண்டு ஒன்று அப்படியே குத்திக்கொண்டு நின்றது. பலகை ஒரு இம்மி நகரவில்லை. நன்றாகத்தான் அடித்திருந்தாள் பெரியவள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அவன் அவளை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தான். மறு கையில் பூட்டை நெம்பின கடப்பாரை. அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே போகக்கூடாத பக்கம் போயிருந்தது. அவன் நின்று, மூச்சு வாங்கி, விலாவில் ஒரு உதை விட்டான். இன்னொன்று. ஒவ்வொரு உதைக்கும் நடுவே பேசினான். குரலில் அதே தேன்.

"உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியலையேடி. புரியலையா உனக்கு? எவ்வளவு ஆசையா வந்தேன்."

பெரியவள் கையில் என்ன இருந்தது என்று அவளே பார்க்கவில்லை. வண்டியிலிருந்து குதிக்கும்போது எது கையில் அகப்பட்டதோ அதுதான். சுழற்றி வீசினாள். மணல் திணித்த தோல்பை அவன் காதோடு சேர்த்து அறைந்தது. கயிறு கழுத்தைச் சுற்றியது. இறைச்சி அவன் தோளில் வந்து விழுந்தது. அவன் கடப்பாரையை ஓங்கினான்.

மேலே மகாராணிக்கு இந்தக் குடும்பத் தகராறு எதுவும் தெரியாது. கயிறு சுழன்றது தெரியும். அவள் கற்றதெல்லாம் அந்த ஒன்றுதான். வானத்திலிருந்து கல் விழுவதுபோல் விழுந்து இறைச்சியை அடித்தாள். ஒரு கால் இறைச்சியில் பதிந்தது, மறுகால் அவன் முகத்தில். நகம் கன்னத்தைத் துளைத்து மேலே ஏறியது. அவன் போட்ட அலறலில் தேன் இல்லை. கடப்பாரை நழுவியது. இரண்டு கையாலும் பறவையைப் பிய்த்து எடுத்து, கண்ணிலிருந்து ரத்தம் வழிய வழிய, வீட்டுச் சுவரில் ஓங்கி அடித்தான். மறுபடியும் அடித்தான். மூன்றாவது அடிக்கு அவன் கையில் வெறும் இறகுதான் இருந்தது.

பெரியவள் கடப்பாரையை எடுத்தாள்.

முதல் அடி முழங்காலில். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது, வெட்கமில்லாத நிம்மதி. அவன் விழுந்தான். தோளில் அடித்தாள். கையை நீட்டி, "அக்கா, அக்கா" என்றான். அந்தக் கையில் அடித்தாள். அவள் வாயிலிருந்து என்னென்னவோ கெட்ட வார்த்தைகள் வந்தன. வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகள். தலைக்கு ஓங்கியபோதுதான் தரையில் கிடந்தவள் குரல் கேட்டது.

"போதும்க்கா. போதும். நிறுத்து."

பெரியவள் நிறுத்தவில்லை. அப்போதும் அவள் காதில் அது ஏறவில்லை. ஓடிவந்த காவலாளி இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்ததால்தான் கடப்பாரை மண்ணில் இறங்கியது. அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி. இல்லாவிட்டால் அவள் இன்றைக்குக் கொலைகாரி.

ஆஸ்பத்திரியில் சின்னவளுக்குக் கையில் மாவுக்கட்டு, விலாவில் கட்டு, தலையில் தையல். அவன் வேறொரு வார்டில், கட்டிலோடு விலங்கு போட்டுக் கிடந்தான். ஒரு கண் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். பெண் போலீஸ் ஒருத்தி கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினாள். பெரியவள் சட்டையெல்லாம் ரத்தத்தோடு சுவரோரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

அவன் கழுத்தை நெரித்தது, விரலை ஒடித்தது, எல்லாவற்றையும் சின்னவள் நிதானமாகச் சொன்னாள். ஒரு தேதியை மாற்றவில்லை, ஒரு இடத்தில் தடுமாறவில்லை. எத்தனை முறை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள் அந்த இருட்டறையில்? கேட்கக் கேட்கத்தான் பெரியவளுக்கு உறைத்தது. இவள் போலீசுக்குப் போகத்தான் கெஞ்சினாள். நிஜமாகவே அதற்குத்தான்.

"கதவு வெளியே பூட்டியிருந்துச்சுன்னு காவலாளி சொல்றாரு" என்றாள் பெண் போலீஸ். "உங்க புருஷன்தான் முன்னாடியே வந்து பூட்டி வெச்சானா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடு என்று பெரியவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அவனே ஆயிரம் செய்தவன். ஒன்று கூடினால் என்ன குறைந்துவிடும்?

"இல்ல. அவன் உடைச்சான். பூட்டினது எங்க அக்கா."

"ஜன்னல்ல ஆணி?"

"அதுவும் அக்காதான்."

எழுதின கை நின்றது. "அவங்க மேலயும் எழுதணுமா?"

"நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க."

பெரியவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "சின்னு, நான் உனக்காகத்தானே..."

"தெரியும்க்கா." சின்னவள் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. கோபத்தைவிட அது பெரியவளை அதிகம் உலுக்கியது. "அவனும் அதான் சொன்னான், உதைக்கும்போது. நீ இப்போ போ. நான் கூப்பிட்டா வா. கூப்பிடலன்னா வராதே."

"எங்கே போவே நீ? உனக்கு வேற யாரு இருக்கா?"

"தெரியல. பார்த்துக்கறேன்."

பெரியவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பூட்டிப் பூட்டி வந்த பழக்கத்தில் பின்னால் கை போய்க் கதவைச் சாத்தியது.

"சாத்தாதே" என்றது உள்ளேயிருந்து குரல்.